படத்தின் பின்னால் பெயரை எழுதுங்கள்

கோடை விடுமுறை முடியப்போகிறது. ஊட்டி தாவரவியல் பூங்கா, கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக், மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறை, கன்னியாகுமரி சூரிய உதயம் என்று இந்த இரண்டு மாதத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் எடுத்துக் குவித்த படங்களுக்குக் கணக்கே கிடையாது. வேன் மலை இறங்கும் முன்பே அவற்றில் பாதி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பெரியம்மா கைகூப்பினார், மாமா கட்டைவிரலை உயர்த்தினார், அத்தை மகள் மூன்று சிவப்பு இதயம் போட்டாள். மறுநாள் காலை வணக்கங்களும் மருத்துவக் குறிப்புகளும் வந்து அந்தப் படங்களை மேலே தள்ளிவிட்டன. அதற்குப் பிறகு அவற்றைத் தேடிப் பார்த்தவர் யாருமில்லை.

படம் எடுப்பதும் அனுப்புவதும் நல்ல காரியங்கள்தான். பிள்ளைகள் பெங்களூருவிலும் டல்லாஸிலும் இருக்க, ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பேரனின் முதல் பல் தெரியும் படம் வந்து சேர்ந்தால் அன்றைய பொழுதே மாறிவிடுகிறது. நான் கேட்பது, அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் செய்யுங்கள் என்பதைத்தான். படத்தோடு அதன் சேதியையும் கொடுங்கள். யார் யார் நிற்கிறார்கள், எந்த ஊர், எந்த வருஷம், அன்றைக்கு என்ன நடந்தது என்ற நாலு வரி இல்லாவிட்டால், எவ்வளவு தெளிவாக எடுத்திருந்தாலும் முப்பது வருஷத்தில் அது முகம் தெரியாத சிலரின் படமாகிவிடும். நம் வீட்டுப் பரண்களில் இது ஏற்கெனவே நடந்துவிட்டது.

பழைய ஆல்பம் ஒன்றை இறக்கிப் பாருங்கள். கறுப்பு அட்டையில், நாலு மூலைக்கும் சின்னக் காகித மூலை ஒட்டிப் படத்தைச் செருகியிருப்பார்கள். இரண்டு பக்கங்களுக்கு நடுவில் சிலந்திவலைக் கோலம் போட்ட பட்டர் பேப்பர். படங்களின் ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும். கீழ்மூலையில் ஸ்டூடியோவின் பெயர் அழுத்தி முத்திரை குத்தியிருக்கும். மெதுவாக உருவிப் பின்பக்கம் திருப்பினால், சிலவற்றில் ஊதா மையில் ஒரு தேதி, ஓர் ஊர், 'பெரியவன் காதுகுத்து' என்று ஒரு வரி. பலவற்றில் ஒன்றுமே இருக்காது. எழுதியிருக்கும் படத்தைப் பேத்தி கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாள். எழுதாத படம் பழைய பேப்பர்காரரின் சாக்கில் விழுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள்: பட்டுப் புடவையும் அட்டிகையுமாக நாற்காலியில் அமர்ந்த அம்மாள்கள், கோட்டு போட்ட பையன்கள், சட்டமும் கண்ணாடியும் கலையாமல் விலைக்குக் கிடக்கிறார்கள். வாங்குகிறவர் தேக்குச் சட்டத்துக்குத்தான் விலை பேசுகிறார். அந்த அம்மாளின் பெயர் அவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

முன்பு இந்தச் சேதி சொல்வது தானாக நடந்தது, ஏனென்றால் படம் அரிது. நடுத்தர வீடுகளுக்கு முதலில் வந்த கேமராக்களில் ஒன்றான அக்ஃபா கிளிக் 3 பரோடாவில் தயாரானது. ஒரு ரோலுக்கு 12 படம்தான். ஊட்டிக்குப் போய் அதில் படம் எடுத்தவர்களில் பலரது கேமராவுக்குள் இருந்த பிலிமும் அதே ஊரில் பிறந்ததாக இருந்திருக்கும். 1960இல் மத்திய அரசு அங்கே தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையிலிருந்து 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் வந்தன. ஆலை மூடிவிட்டது, இந்து நகர் என்ற பெயர் மட்டும் அங்கே நிலைத்திருக்கிறது. பின்னால் 35 மில்லிமீட்டர் ரோல் வந்தது, 36 படம் என்றானது. முப்பத்தாறும் முடிந்தால்தான் கழுவக் கொடுப்பார்கள். பொங்கலுக்குப் போட்ட ரோல் தீபாவளிக்குத் தீரும். மாட்டுக்குப் பொட்டு வைப்பது, கன்னியாகுமரிக் கடற்கரை, தங்கையின் பூப்பு நீராட்டு, பழனியில் எடுத்த மொட்டை எல்லாம் ஒரே உறையில் வரிசையாக வரும். பிரிண்ட் வந்த அன்று வேலையை விட்டுவிட்டு வீடே கூடும்.

அடுத்து வந்த விருந்தாளியின் மடிக்கு ஆல்பம் போகும். அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முகத்திலும் விரல் வைத்துச் சொல்வார்கள். "இவர்தான் உன் தாத்தாவுக்கு மூத்தவர். யுத்தத்துல பர்மாவிலேருந்து நடந்தே வந்தவர். வாசல்ல வந்து நின்னப்போ பெத்த தாய்க்கே அடையாளம் தெரியலையாம்." 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனை நெருங்கியபோது காடும் மலையும் கடந்து வந்த லட்சக்கணக்கானவர்களின் வரலாறு, ஒரு விரல் நுனியில், அரை நிமிஷத்தில் ஒரு குழந்தைக்குக் கிடைத்துவிடும். எத்தனை விருந்தாளி வந்தார்களோ அத்தனை முறை அந்தக் கதையைக் கூடவே இருந்து கேட்ட பிள்ளைகள் அதை மறக்கவே இல்லை.

இதில் பாசம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். உன் பெற்றோர் எங்கே சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், நீ பிறந்த கதை என்ன என்பது போன்ற எளிய கேள்விகள். பதில் நிறையத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற தெம்பும் கூடுதலாக இருந்தன. தகவலை மனப்பாடம் பண்ணி வைத்தால் இது வந்துவிடாது. அந்தக் கதைகளை உட்கார்ந்து சொல்லும் பழக்கம் உள்ள குடும்பத்தில் வளர்வதுதான் காரணம் என்பது அவர்கள் தந்த விளக்கம். நம் ஆல்பங்கள் பாட்டி தாத்தாக்களுக்குச் செய்துகொடுத்த வேலையும் இதுதான்.

வெறுமனே எடுத்துத் தள்ளுவது நினைவுக்கு உதவாது என்பதற்கும் சோதனை இருக்கிறது. லிண்டா ஹென்கெல் என்ற ஆய்வாளர் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றைப் பார்த்துவிட்டு மட்டும் வரவும் சொன்னார். படமெடுத்த பொருள்கள்தான் மறுநாள் அவர்களுக்குக் குறைவாக நினைவிருந்தன. ஆனால் ஏதாவது ஒரு பகுதியைக் கூர்ந்து, கிட்டத்தில் எடுத்தபோது அந்த மறதி வரவில்லை. அதனால் கேமராவின் மேல் பழி போட வேண்டியதில்லை. நின்று நிதானித்துப் பார்த்து எடுத்தோமா, வந்ததற்கு ஒன்று தட்டிவிட்டு நகர்ந்தோமா என்பதுதான் கேள்வி.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போன குடும்பங்களைக் கேட்டால், படம் அனுப்புவது என்றால் என்ன என்று சொல்வார்கள். இன்லண்டு லெட்டரிலும் ஏரோகிராமிலும் உள்ளே எதையும் வைக்கக் கூடாது. அதை உறையிலேயே அச்சடித்திருப்பார்கள். படம் அனுப்ப வேண்டுமென்றால் தனிக் கவர் வாங்கி, எடை போட்டுக் கூடுதல் தபால்தலை ஒட்டி, மடங்காமல் இருக்க நோட்டு அட்டையை வெட்டி உள்ளே வைத்து அனுப்ப வேண்டும். அவ்வளவு செலவு பண்ணி அனுப்பும் படத்தைச் சும்மா அனுப்பமாட்டார்கள். "சின்னவள் நிற்கிறாள் பாருங்கள், கையை விட்டுவிட்டுத்தான் எடுத்தோம். சட்டை நீங்கள் அனுப்பிய துணி" என்று கூடவே கடிதம் இருக்கும். துபாயில் எட்டுப் பேர் தங்கிய அறையில் அந்தப் படம் கைமாறும். குழந்தை நிற்கத் தொடங்கிய நாளை ஒரு தகப்பன் ஒரு மாதம் கழித்துப் பார்த்தான். ஆனால் முழுதாகப் பார்த்தான். இன்று வீடியோ காலில் அந்தக் கணத்திலேயே பார்க்க முடிகிறது. அந்தத் தகப்பன்மார் பட்ட ஏக்கம் இந்தத் தலைமுறைக்கு இல்லாமல் போனது பெரிய ஆறுதல். கூடவே வந்த கடிதமும் போய்விட்டதுதான் இழப்பு.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. சுற்றுலாப் படங்களைவிட வீட்டில் எடுக்கும் சாதாரணப் படங்களுக்குத்தான் காலம் போகப் போக மதிப்பு ஏறும். பிலிம் காலத்தில் அவை பெரும்பாலும் தற்செயலாக விழுந்தவை. சுற்றுலா முடிந்து வந்த பிறகு ரோலில் இரண்டு மூன்று பாக்கி இருக்கும். கழுவக் கொடுக்க அதைத் தீர்க்க வேண்டுமே என்று வீட்டில் கண்ணில் பட்டதை எடுப்பார்கள். எங்கள் குடும்பத்தில் அப்படி விழுந்த படம் ஒன்று உண்டு. அத்தை மாவு ஆட்டிக்கொண்டிருக்கிறார். புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகியிருக்கிறார். வலது கை குழவியில், இடது கை விரல்கள் மாவைக் குழிக்குள் தள்ளுகின்றன. முழங்கை வரை உளுந்து தெறித்திருக்கிறது. பின்னால் சுவரில் மளிகைக் கடை கொடுத்த தினசரி காலண்டர், மாடத்தில் சிம்னி விளக்கு, கொடியில் ஒரு பள்ளிக்கூடப் பாவாடை. யாரோ கூப்பிட்டதற்குப் பாதி திரும்பி, 'இப்போ போய் எடுக்கிறியே' என்கிற முகம். இன்று உறவில் எல்லோரும் பிரதி போட்டு வாங்கியிருக்கும் படம் அது. அதே ரோலில் கொடைக்கானல் ஏரியில் படகு முன்னால் வரிசையாக நின்று எடுத்த படங்கள் இருக்கின்றன. அவற்றை ஒருவரும் கேட்டதில்லை.

அதற்குக் காரணம் எளிது. ஏரி இன்னும் அங்கேதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். அந்தச் சமையற்கட்டு இல்லை. வீட்டை இடித்துக் கட்டினார்கள், கிரைண்டர் வந்தது, ஆட்டுக்கல் கொல்லையில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டு கிடந்து, பிறகு யாரோ கேட்டு எடுத்துப் போனார்கள். அத்தையும் இல்லை. அவர் எப்படி உட்காருவார், எந்தக் கையில் வளையல் அதிகம் போடுவார், களைத்திருக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் கல்யாண ஆல்பத்து அலங்காரம் சொல்லாது.

ஆகவே வீட்டில் இருக்கும் நாளில் எடுங்கள். தூளியில் தூங்கும் பிள்ளை, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியோடு பேப்பர் படிக்கும் தாத்தா, அப்பாவின் டிவிஎஸ் 50, காலையில் தண்ணீர் லாரிக்கு வரிசை வைத்த குடங்கள், தெருமுனை இஸ்திரி வண்டி, வாடகை வீட்டின் வாசல் எண். அலமாரியைத் திறந்து வைத்து அப்படியே ஒன்று. யாரையும் நிமிர்ந்து நிற்கச் சொல்ல வேண்டாம். முக்கியமாக, வீட்டுப் பெண்கள் வேலை செய்யும்போது எடுங்கள். நம் ஆல்பங்களில் அம்மாக்கள் எப்போதும் தலைசீவிப் பூ வைத்துப் புடவை மாற்றிய பிறகுதான் வருகிறார்கள். அவர்கள் பகலெல்லாம் எதைச் செய்து நம்மை வளர்த்தார்களோ அதற்குப் படச்சாட்சியே இல்லை. இப்போது நிலைமை வேறு விதமாகக் குறைபடுகிறது: படம் எடுப்பதே பல வீடுகளில் அம்மாவின் வேலை ஆகிவிட்டதால், பிள்ளையின் பத்து வருஷப் படங்களில் அவர் எதிலுமே இல்லை. போனை வாங்கி அவரை எடுங்கள்.

ஒரு படம்கூட இல்லாத வீடுகளைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ஸ்டூடியோவுக்குப் போவதும் கேமரா வாங்குவதும் காசும் சாதியும் தீர்மானித்த காலம் நெடுங்காலம் இருந்தது. கூலி வேலைக்குப் போனவர்களின் வீடுகளில் பெரியவர்களுக்கு முதன்முதலில் எடுத்த படமே வாக்காளர் அடையாள அட்டைக்காக எடுத்ததாக இருந்தது உண்டு. 1993இல் அந்த அட்டை நடைமுறைக்கு வந்த பிறகு, பள்ளிக்கூட வராந்தாவில் வெள்ளைத் துணிக்கு முன்னால் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தபோது எடுத்தது. அந்தப் பெரியவர் இறந்ததும் மகன் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஊர் ஸ்டூடியோவுக்குப் போகிறான். அங்கே தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கி, முகத்தின் மேல் ஓடும் முத்திரைக் கோட்டை அழித்து, கழுத்துக்குக் கீழே வேறொருவரின் வெள்ளைச் சட்டையையும் சரிகைத் துண்டையும் கம்ப்யூட்டரில் பொருத்தி, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் படத்துக்குத்தான் மாலை போடுகிறோம். உயிரோடு இருந்தபோது அவர் அப்படிச் சட்டை போட்டதே இல்லை.

சாவு வீட்டுக்கே ஸ்டூடியோக்காரரை வரவழைத்து, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்த உடலைச் சுற்றி உறவுகள் நின்று எடுத்துக்கொண்ட படங்களும் தமிழ்நாட்டில் நிறைய. பார்க்கச் சங்கடமாக இருக்கும். வேறு படம் இல்லையே என்ற பதைப்பில் எடுத்தவை என்று தெரிந்தால் அந்தச் சங்கடம் போய்விடும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கியிருக்கிறது. ஓர் ஆய்வு நிறுவனம் இதை வரலாற்று ஆவணம் என்று மதித்துப் பாதுகாக்கும்போது, சொந்தக்காரர்களாகிய நாம் பரணில் கரையானுக்கு விட்டுவைத்திருக்கிறோம்.

இலங்கையில் ஒரு வீட்டுப்படம் எவ்வளவு பெரிய சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்க்கிறோம். போர் 2009 மே மாதம் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரக் கொட்டகைகளில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் மார்போடு பிடித்திருந்தது மகனின், மகளின், கணவனின் படம். பிறந்தநாளில் எடுத்தது, பள்ளிக்கூடத்தில் எடுத்தது, அடையாள அட்டைக்காக எடுத்தது. எடுத்த நாளில் அது சாதாரணப் படம். ஊர் ஊராக இடம்பெயர்ந்து, வீடும் பெட்டியும் போன பிறகும் எப்படியோ காப்பாற்றிக் கொண்டுவந்த அந்த ஒரு துண்டுதான், இப்படி ஒரு பிள்ளை எனக்கு இருந்தான் என்று அரசிடமும் உலகத்திடமும் சொல்ல அவர்களுக்கு இருக்கும் ஆதாரம். அந்தத் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, மீட்புப் பணியில் இருந்தவர்கள் சேற்றிலிருந்து ஆல்பங்களை எடுத்து ஓரமாக வைக்கத் தொடங்கினார்கள். மியாகி மாகாணத்து யமமோட்டோ என்ற சிற்றூரில் மட்டும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, நகலெடுத்து, ஊர்க்காரர்கள் வந்து தேடி எடுத்துப் போக ஏற்பாடு செய்தார்கள். வீடும் வாகனமும் போனவர்கள் வந்து நின்று தேடியது படத்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் முடிச்சூர், கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை வீடுகளில் தண்ணீர் வடிந்த பிறகு குப்பைக்குப் போனவற்றில் நனைந்த ஆல்பங்களும் இருந்தன. ஃபிரிட்ஜுக்கும் மெத்தைக்கும் நடுவே அவற்றை அள்ளிப் போட்டார்கள். அவற்றில் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். நனைந்த படங்களை ஒட்டிக் காயவிடக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே ஒன்றையொன்று பிரித்து, சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, முகம் மேலே பார்க்க நிழலில் பரப்பினால் போதும். படத்தின் பரப்பில் விரல் படக் கூடாது. உடனே செய்ய நேரமில்லை என்றால் பாலிதீன் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டுப் பிறகு நிதானமாகச் செய்யலாம். மழைக்கால எச்சரிக்கைகளோடு அரசு இதையும் நாலு வரியில் சொல்லலாம்.

இப்போது எல்லாம் கிளவுடில் இருக்கிறதே, வெள்ளம் வந்தால் என்ன என்பவர்கள் உண்டு. கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1 முதல் இல்லை. இரண்டு வருஷம் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை, உள்ளிருக்கும் படங்களோடு சேர்த்து நீக்கலாம் என்ற விதியை அந்த நிறுவனம் 2023இல் அறிவித்தது. அப்பா இறந்து, அவருடைய பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல் போனால், அவர் எடுத்த அத்தனையும் போகும். இதற்கு வழி இருக்கிறது. கூகுள் கணக்கில் 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற இடத்தில் நம்பிக்கையான ஒருவரின் மின்னஞ்சலைக் கொடுத்து வைக்கலாம். ஐபோனில் 'லெகசி காண்டாக்ட்' என்று இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. வங்கிக் கணக்குக்கு நாமினி போடும் நாம் இதற்கும் போட்டு வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைச் சேமித்துவிட்டோம் என்றும் நிம்மதியாக இருக்க வேண்டாம். அது சுருக்கி அனுப்பிய படம். நல்ல பிரிண்ட் போட வேண்டுமென்றால் மூலப்படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியதில்லை. அது முடியவும் முடியாது. ஒரு பயணத்திலிருந்து பத்து, ஒரு வருஷத்து வீட்டு வாழ்க்கையிலிருந்து இருபது முப்பது என்று உட்கார்ந்து பொறுக்குங்கள். பொறுக்கும் வேலையைக் குடும்பமாகச் செய்யுங்கள். சேதி வெளியே வருவதே அப்போதுதான். எதை வைப்பது எதை விடுவது என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். பொறுக்கியதைப் பிரிண்ட் போட்டு, பின்னால் எழுதுங்கள். பழைய காகிதப் படங்களுக்கு மென்மையான பென்சில் நல்லது. இன்றைய வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அதற்குக் காய்ந்தால் அழியாத மெல்லிய முனைப் பேனா வேண்டும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதினால் முன்பக்க முகத்தில் தழும்பு விழும். பசைத் தாளும் பிளாஸ்டிக் உறையுமாக எண்பதுகளில் வந்த ஆல்பங்களில் இருக்கும் படங்களை வெளியே எடுத்துவிடுங்கள். அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது. பிரிண்ட் போட வசதியில்லை என்றால் போனிலேயே படத்துக்குக் கீழே குறிப்பு எழுத இடம் இருக்கிறது, அதில் தமிழில் எழுதுங்கள். பாட்டி உயிரோடு இருக்கும் வீடுகள், பழைய ஆல்பத்தை அவர் முன்னால் விரித்து, அவர் சொல்லச் சொல்லக் குரலைப் பதிவு பண்ணிவிடுங்கள். எழுத்தில் வராத பேச்சு அதில் வரும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

யாரோடு பகிர்வது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. குடும்பப் படம் குடும்பத்துக்கு. பிள்ளையைக் குளிப்பாட்டும் படம், காய்ச்சலில் கிடக்கும் படம், மார்க்கு குறைந்து அழும் வீடியோ எல்லாம் ஊர் பார்க்கும் இடத்தில் போட நமக்கு உரிமை இல்லை. ஆல்பத்தைப் பார்த்த விருந்தாளி நம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். யார் பார்க்கிறார் என்று நமக்குத் தெரியும். இன்ஸ்டாகிராமில் பார்ப்பது யார், எதற்குச் சேமிக்கிறார் என்று தெரியாது. பிரான்ஸ் நாடு 2024 பிப்ரவரியில் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பிள்ளையின் படம் தொடர்பான உரிமையைக் காப்பது பெற்றோர் இருவரின் கடமை, பிள்ளையின் வயதுக்கேற்ப அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்கிறது அது. பெற்றோருக்குள் தகராறு வந்தால் நீதிபதி தடைவிதிக்கலாம். நம் நாட்டில் 2023இல் நிறைவேறிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்கு அது பொருந்தாது. அதாவது பெற்றோரிடமிருந்தே பிள்ளையைக் காக்கும் வேலையை அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளவில்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையிடம்கூட, "இந்தப் படத்தை மாமாவுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் அனுப்பக் கூடாது. பத்து வயதுக்கு மேல் கேட்காமல் எதையுமே வெளியில் போடக் கூடாது. பயணத்தில் இருக்கும்போதே படம் போட்டு, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்குச் சொல்வதையும் விட்டுவிடலாம். திரும்பி வந்த பிறகு போட்டால் ஏரி வற்றிவிடாது.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நமக்கு இருக்கின்றன. மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றில் மைய நூலகம் இருக்கிறது. அங்கே ஒரு ஸ்கேனர், ஒரு கம்ப்யூட்டர், சொல்லிக்கொடுக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஊழியர் இருந்தால் போதும். வாரத்தில் ஒரு நாள், யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுப் பழைய படங்களைக் கொண்டுவந்து இலவசமாக நகலெடுத்துப் பென்டிரைவில் வாங்கிப் போகலாம். வாஷிங்டன் நகரப் பொது நூலகம் 2016 முதல் இப்படி ஓர் அறையை நடத்துகிறது. குடும்பம் எழுதிக் கொடுத்துச் சம்மதித்தால் மட்டும் ஒரு பிரதி, பெயர், ஊர், வருஷம், கதையோடு மாவட்ட நூலகத்தில் இருக்கட்டும். மும்பையில் அனுஷா யாதவ் 2010இல் தொடங்கிய இந்தியன் மெமரி ப்ராஜெக்ட், நாடு முழுவதிலிருந்தும் குடும்பப் படங்களைக் கதையோடு சேர்த்து வாங்கித் தொகுத்திருக்கிறது. தனி ஒருவர் தொடங்கி இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது என்றால், மாவட்டந்தோறும் நூலகம் வைத்திருக்கும் அரசால் முடியாததா? வாக்காளர் அட்டைப் படம் ஒன்று மட்டுமே இருக்கும் வீடுகளுக்கு இந்த ஏற்பாடு வேறு வகையிலும் உதவ வேண்டும். நூலக ஊழியரோ கல்லூரி மாணவரோ கேமராவோடு அந்தத் தெருக்களுக்குப் போய், பெரியவர்களை அவர்கள் வீட்டு வாசலில், அவர்கள் விரும்பும் உடையில், அவர்கள் செய்யும் வேலையோடு படமெடுத்து, பிரிண்ட் போட்டுப் பின்னால் பெயரும் வயதும் ஊரும் தொழிலும் எழுதி அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு ஸ்கேனர், ஒரு கேமரா, ஒரு பிரிண்டர் வாங்கும் செலவுதான். அடுத்த பட்ஜெட்டில் நூலகத் துறைக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்கென ஒரு தலைப்பைச் சேர்க்க வேண்டும்.